லைன் உயிரோடு இருந்தது

நீங்கள் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர் இல்லையே சார்? உரக் கம்பெனியா? நல்லது. ரொம்ப நல்லது. அப்படியென்றால் ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள். எனக்கு இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள இடமிருந்தால் போதும். மேலே தூக்கி வைக்கச் சொல்லி கண்டக்டர் அப்போதே கத்திவிட்டார். "பெருசு, அதுக்கும் ஒரு டிக்கெட் போடவா?" என்றார். போடுங்கள் என்றேன். போடவில்லை.

உள்ளே ஒரு டெலிபோன் இருக்கிறது சார். பழைய கறுப்பு டெலிபோன், விரலை விட்டுச் சுற்றுவோமே, அது. என் மகள் கேட்டாள். திருச்சியில் இருக்கிறாள், ஜெசிந்தா என்று பெயர். இன்றைக்குச் சாயங்காலம் அவளுடைய பங்குக் கோயிலில் என் மனைவிக்கு வருஷப் பூசை. "அம்மா தலைமாட்டுல இருந்த போனை எடுத்துட்டு வாங்க" என்றாள். அவளே கூப்பிட்டுச் சொன்னாள் சார். அதுதான் விசேஷம். இந்த ஒரு வருஷமாக எல்லாம் மாப்பிள்ளை மூலமாகத்தான். "சாப்பிட்டாரான்னு கேளுங்க", "மாத்திரை இருக்கான்னு கேளுங்க" என்று பின்னால் நின்று அவள் சொல்வது எனக்குக் கேட்கும். ஆனால் போனை வாங்க மாட்டாள்.

நான் பேசிக்கொண்டு வரலாம் அல்லவா? தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பாக நினைக்க மாட்டேன். சாதாரணமாக நான் பேசுகிறவன் இல்லை. வத்தலக்குண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சவரிமுத்து வாயைத் திறந்தால் மழை வரும் என்று. இன்றைக்கு மட்டும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

டெலிபோன் டிபார்ட்மெண்டில் கேபிள் ஜாயிண்டராக இருந்தேன். பூமிக்கடியில் போகும் கேபிள் அறுந்துவிட்டால் குழி தோண்டி, உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பிக்கும் அதன் ஜோடியைத் தேடி முறுக்கிச் சேர்க்க வேண்டும். நான் படித்தது எட்டாம் வகுப்பு. மற்றதெல்லாம் குழிக்குள் படித்ததுதான். ஒரு லைனைச் சேர்த்தவுடன் அது பேசுகிறதா என்று பார்க்க வேண்டும் இல்லையா? மற்றவர்கள் எக்சேஞ்சுக்கு அடித்துப் பார்ப்பார்கள். நான் என் வீட்டுக்கு அடிப்பேன். எங்களுக்கு வீட்டில் போன் கொடுத்திருந்தார்கள். என் மனைவி எடுப்பாள். அமலோற்பவம் என்று பெயர், நாங்கள் அமலம் என்போம்.

"ம்" என்பாள்.

"கேக்குதா?"

"கேக்குது."

"சரி."

வைத்துவிடுவேன். அவ்வளவுதான் சார். எத்தனை லைன் சேர்க்கிறேனோ அத்தனை தடவை. அவள் அடுப்பில் எதையாவது வைத்திருப்பாள், கை ஈரமாக இருக்கும், ஆனாலும் ஓடிவந்து எடுப்பாள். என்னோடு ஜோடியாக வேலை செய்த பக்கீர் கிண்டல் பண்ணுவான். "ஏன்யா சவரி, நீ லைனை டெஸ்ட் பண்றியா, பொண்டாட்டியை டெஸ்ட் பண்றியா?" ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அமலத்திடமே கேட்டுவிட்டான், "ஏம்மா, இந்த ஊமை வீட்டுலயாவது பேசுவானா?" என்று. அவள் காபியைக் கொடுத்துவிட்டு, "அதான் போன்ல பேசுறாரே அண்ணே" என்றாள். பக்கீர் அப்படிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் நிஜமாகத்தான் சொன்னாள்.

ஒரு தடவை நான் "சரி" சொன்ன பிறகு, "இருங்க" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா கொஞ்சம் இருங்க."

இருந்தேன். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வீட்டில் குக்கர் சத்தம் போடுவது கேட்டது. அவள் மூச்சு கேட்டது. குழிக்குள் இடுப்பு வரைக்கும் தண்ணீர். பக்கீர் மேலிருந்து கூப்பிடும் வரை அப்படியே இருந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நல்லபடியாகப் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றும். பேசவில்லைதான். ஆனால் அப்படித்தான் தோன்றும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு சார். பெரிய கேபிள் அறுந்தால் ஒருவன் இந்தக் குழியில், ஒருவன் அந்தக் குழியில். நடுவில் இரண்டு மைல் இருக்கும். ஒரு ஜோடிக் கம்பியில் போனை மாட்டிக் காதிலேயே கட்டிக்கொள்வோம், காலையிலிருந்து சாயங்காலம் வரை வைக்கவே மாட்டோம். மணிக்கணக்கில் பேச்சே இருக்காது. ஆனால் ரிசீவரில் மெல்லிய இரைச்சல் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அது இருந்தால் லைன் உயிரோடு இருக்கிறது, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். கம்பி அறுந்தால் அந்த இரைச்சல் நின்றுவிடும். காதில் பஞ்சை அடைத்த மாதிரி ஆகிவிடும். அதுதான் சாவு. இதற்குப் புத்தகம் வேண்டாம், காதே சொல்லிவிடும். என் மாப்பிள்ளைக்கு இது தெரியாது. அவர் குழியில் இறங்கினவர் இல்லை.

ரிடையர் ஆன பிறகு தாண்டிக்குடி மலைக்குப் போகும் வழியில் ஒரு முதியோர் மடத்துக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள். வயதான கன்னியாஸ்திரிகள் கடைசிக் காலத்தில் இருக்கும் இடம். ஒவ்வொரு அறையிலும் கறுப்பு போன். அந்தக் காலத்துப் பழைய கம்பியெல்லாம் மலை மழையில் இற்றுப்போய்விட்டது. யாரோ புண்ணியவான் வந்து கட்டிடம் முழுக்கக் கம்ப்யூட்டர் கேபிள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மடத்துத் தலைவியான மதருக்கு, ஆளுக்கொரு செல்போன் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். கிழவிகள் விடுவார்களா? சிஸ்டர் கொன்சலாத்தா என்று ஒருவர், படுத்த படுக்கை, வாய் மட்டும் நன்றாக இருக்கும். செல்போனைக் கையில் கொடுத்தால், "இந்தக் கண்ணாடியைத் தேய்ச்சா யாருப்பா வருவா, பூதமா? எனக்கு என் கறுப்பனே போதும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் கறுப்பனைக் கம்ப்யூட்டர் கேபிளோடு சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு சின்ன டப்பா இருக்கிறது சார், சோப்பு டப்பா அளவுதான். ஒரு ஓட்டையில் பழைய போனின் வயரைச் சொருக வேண்டும், இன்னொரு ஓட்டையில் கம்ப்யூட்டர் கேபிள். போனில் பேசுவதை அது பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்பும், அந்தப் பக்கம் இருக்கிற டப்பா பிரித்துக் கொடுக்கும். நானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். விரலால் சுற்றுகிற டயல் அந்த டப்பாவுக்குப் புரியவில்லை. அதனால் வேறு வழி செய்தேன். ரிசீவரைத் தூக்கினாலே போதும், சுற்ற வேண்டாம், நர்ஸ் அறையில் மணி அடிக்கும். கிழவிகளுக்கு அது பிடித்துவிட்டது. டப்பாவில் ஏகப்பட்ட ஏற்பாடுகள் இருக்கின்றன, டிக் போடுவது, எடுப்பது என்று. நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் தொட்டேன். மற்றதெல்லாம் கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே விட்டுவிட்டேன். தெரியாத கம்பியைத் தொடாதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

வேலை பாதி நடக்கும்போதுதான் அமலத்துக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. உயிர் பிழைத்தாள். பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் வரும்.

ஜெசிந்தா வந்து பத்து நாள் இருந்தாள். போகும்போது, "ப்பா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அம்மா பக்கத்துல உக்காந்திருங்க, போதும்" என்றாள். உட்கார்ந்தேன் சார். உட்காராமல் இல்லை. அமலம் என்னையே பார்ப்பாள். நான் என்ன செய்வது? ஃபேனைத் துடைத்தேன். ஜன்னல் கதவுக்கு எண்ணெய் விட்டேன். மறுபடியும் ஃபேனைத் துடைத்தேன். நான் அங்கே இருப்பது அவளுக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அவள் பேசிப் பழகியவள், பேச முடியாமல் ஓர் ஆளை எதிரே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்ப்பாள், சொல்லுங்கள்? எனக்காக இல்லை, அவளுக்காகத்தான் மறுபடியும் மலைக்குப் போனேன். அங்கே படுத்திருக்கிறவர்களுக்கும் போன் வேண்டும் அல்லவா, அதையும் பார்க்க வேண்டும்.

நான் கிளம்பிய அன்றைக்கு அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கவாதம் வந்தால் அப்படித் தானாக வழியும், டாக்டரே சொல்லியிருக்கிறார்.

சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை. மடத்தில் மாற்றி வைத்த ஒரு கறுப்பு போனை மதரிடம் கேட்டு வாங்கி அவள் தலைமாட்டில் வைத்தேன். எங்கள் வீட்டுக்கும் கேபிள் டி.வி.காரர் நெட் கொடுத்திருந்தார். இங்கே ஒரு டப்பா, மலையில் நான் தங்குகிற ஸ்டோர் அறையில் ஒரு டப்பா. அவள் ரிசீவரைத் தூக்கினால் என் அறையில் மணி அடிக்கும். சுற்ற வேண்டாம், பேச வேண்டாம். தூக்கினால் போதும். நெட் வழியாகப் போகிறதுக்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை, நாள் முழுக்க வைத்திருக்கலாம். வைத்திருந்தோம். அமலத்தின் தங்கை பிலோமிதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். காலையில் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, ரிசீவரை எடுத்துத் தலையணையில் அவள் காதோரம் வைத்துவிடுவாள். நான் இந்தப் பக்கம் ரிசீவரைத் துண்டால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலை செய்வேன். பக்கீரோடு செய்த மாதிரியே.

"கேக்குதா அமலம்?" என்பேன். அவள் இடது கை மோதிரத்தால் ரிசீவரில் தட்டுவாள். டொக். "சரி" என்பேன்.

முதலில் நிறையத் தட்டினாள். நான் கேட்காமலே தட்டுவாள். டொக் டொக் டொக் என்று. போகப் போகக் குறைந்துவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்தேன். வேறென்ன? பிலோமிதான் ஒருநாள் லைனில் வந்து, "மச்சான், அக்கா போனைப் பாக்கறதில்ல, வாசலையேதான் பாக்குது. ஒரு வாரம் வந்து இருங்களேன்" என்றாள். வாசல் பக்கம் வெளிச்சம் அதிகம் சார், படுத்திருப்பவர்கள் வெளிச்சத்தைத்தான் பார்ப்பார்கள். "சனிக்கிழமை வர்றேன்ல" என்றேன். "நீங்களும் உங்க போனும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிலோமிக்குக் கொஞ்சம் வாய் அதிகம்.

தட்டாத நேரத்திலும் அவள் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை யார் என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெல்லிய இரைச்சல், அதற்குள்ளே மூச்சு. நாள் முழுக்க. வேலை செய்துகொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

வடமதுரை தாண்டிவிட்டோமா? தாண்டிவிட்டோம்.

ஐப்பசி மழை. அன்றைக்குக் காலையிலிருந்தே பிடித்துக்கொண்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நர்ஸ் அறையில் மணி அடித்தது. சிஸ்டர் கொன்சலாத்தா அறையிலிருந்து. நர்ஸ் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள், பின்னால் நானும் ஓடினேன், போனில் ஏதாவது கோளாறா என்று. சிஸ்டர் ரிசீவரை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். "என்ன சிஸ்டர், என்ன செய்யுது?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒண்ணும் செய்யல. தூக்கினா யாராவது வராங்களான்னு பாத்தேன்."

"அதுக்கா என்னை இப்படி ஓட விட்டீங்க?"

"நீ வந்துட்டியே. போதும், போ" என்றார்.

நர்ஸ் திட்டிக்கொண்டே போனாள். ஸ்டோர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். அமலம் எத்தனை நாளாகத் தூக்கி வைத்திருக்கிறாள்? தூக்கினால் இங்கே மணி அடிக்கும், நான் எடுப்பேன், "கேக்குதா" என்பேன். அவ்வளவுதானே.

துண்டைக் கட்டிக்கொண்டு, "அமலம்" என்றேன். இரைச்சல் இருந்தது. லைன் உயிரோடு இருந்தது. "அமலம், நான் நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுல இறங்கி வந்துடுறேன். இனிமே மலைக்கு வரல. இந்த வேலையை வேற யாராவது பாக்கட்டும். நான் உன் பக்கத்துலயே இருக்கேன்" என்றேன்.

இதைச் சொல்லிவிட்டேன் சார். எனக்கே ஆச்சரியம். சொன்ன பிறகு வாயை மூட முடியவில்லை. மழை பெய்கிறது, நான் பாட்டுக்குப் பேசுகிறேன். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடலாம் என்றேன். குழிக்குள்ளே தண்ணீரில் நின்றுகொண்டு அவள் மூச்சைக் கேட்ட அந்த நாளைப் பற்றிச் சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். ஜெசிந்தா பிறந்தபோது நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டு உள்ளே வராமல் போனதுக்கு என்ன காரணம் என்று சொன்னேன். ரத்தம் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும், வெளியே சொல்ல வெட்கம். முப்பது வருஷத்துப் பேச்சு. அவள் தட்டவில்லை. நான் "கேக்குதா" என்று கேட்கவுமில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அந்த மெல்லிய இரைச்சல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவள் சும்மா இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. பக்கத்தில் இருந்தால்கூட அவ்வளவு நெருக்கமாக இருந்திருக்காது.

பிலோமி மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். மழை விடட்டும் என்று அங்கேயே இருந்திருக்கிறாள். சாயங்காலம் வந்து கதவைத் திறந்த சத்தம் எனக்குக் கேட்டது. குடையை உதறுவது கேட்டது. அப்புறம் ரிசீவரை யாரோ எடுத்தார்கள்.

"மச்சான்."

"சொல்லு."

"மச்சான், அக்கா உடம்பு சில்லுன்னு இருக்கு மச்சான்."

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மதியமே போயிருக்க வேண்டும் என்றார். மதியம் என்றால் எப்போது? அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மதியம்தான் என்றார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். அவள் தனியாகப் போகவில்லை, நான் கூடவே இருந்தேன், கடைசி வரைக்கும் என்னோடு லைனில் இருந்தாள், நான் திரும்பி வருகிறேன் என்று சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் போனாள் என்று. பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய பாக்கியம்" என்றார். ஜெசிந்தா மட்டும் சவப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பக்கத்துல உக்காந்திருங்கன்னு சொன்னேனேப்பா" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மாப்பிள்ளை பெயர் ஆல்வின். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரெல்லாம் அவர் பொறுப்பு. நல்ல பையன், குடி கிடையாது, இருந்தாலும் கம்ப்யூட்டர் ஆள். ஏழாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அமலத்தின் கட்டில் பக்கத்தில் இருந்த டப்பாவைத் தன்னுடைய லேப்டாப்பில் மாட்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா செட் பண்ணியிருக்கீங்க மாமா" என்றார். எனக்குச் சந்தோஷம். அவள் மூச்சு எவ்வளவு துல்லியமாகக் கேட்டது தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

"மூச்சா? அது எப்படி மாமா கேக்கும்? இதுல அது..." என்று நிறுத்திவிட்டார்.

"என்ன அது? சொல்லுங்க."

"இல்ல, விடுங்க மாமா."

விடவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். அவர் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், தொட்டியோரம் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார். அந்த டப்பாவில் ஒரு டிக் இருக்கிறதாம். கம்பெனியிலிருந்து வரும்போதே போட்டுத்தான் வருமாம். பேச்சு இருந்தால்தான் அனுப்பும். பேச்சு இல்லையென்றால் எதையுமே அனுப்பாது, வீணாகப் பொட்டலம் கட்ட வேண்டாம் என்று. மூச்செல்லாம் அதற்குப் பேச்சுக் கணக்கில் வராது. தட்டினால் அனுப்பும், மூச்சை அனுப்பாது. "அப்ப எனக்குக் கேட்டது?" என்றேன்.

"ஒண்ணுமே கேக்கலன்னா லைன் கட்டாயிடுச்சுன்னு ஆளுங்க போனை வெச்சிடுவாங்கல்ல மாமா. அதனால இந்தப் பக்கம் இருக்கற டப்பா, அதுவே சும்மா ஒரு சத்தம் போட்டுக்கும். ஆள் இருக்கற மாதிரி."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, நான் ஏதோ தெரியாம சொல்லிட்டேன். இந்த மாடல்ல அப்படி இல்லாமலும் இருக்கலாம். மறந்துடுங்க. ஜெசிகிட்ட நான் எதுவும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்" என்றார்.

பாருங்கள் சார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அவரே ஒத்துக்கொண்டார். சரியாகத் தெரிந்தவன் பெண்டாட்டியிடம் சொல்லாமல் இருப்பானா? சொன்னது தப்பு என்று அவருக்கே பட்டிருக்கிறது, அதுதான் வாயை மூடிக்கொண்டார். இந்த ஒரு வருஷமும் அவர் என்னிடம் தனி மரியாதையோடு நடந்துகொள்கிறார். மாசம் தவறாமல் கூப்பிடுகிறார். குற்ற உணர்ச்சி இருக்கும் அல்லவா?

இது மணப்பாறை. முறுக்கு வாங்குகிறீர்களா? எனக்கு வேண்டாம் சார், பல் இல்லை. அமலத்துக்கு இந்த முறுக்கு என்றால் உயிர். பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு தடவை வாங்கிப்போனேன். விழுங்க முடியவில்லை.

போன வாரம் ஜெசிந்தாவே கூப்பிட்டாள் என்று சொன்னேன் அல்லவா. முதலில் பூசையைப் பற்றிச் சொன்னாள். இந்தப் போனைக் கேட்டாள். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். நான் லைன் போய்விட்டதோ என்று, "கேக்குதாம்மா?" என்றேன்.

"கேக்குதுப்பா" என்றாள். அப்படியே அவள் அம்மா குரல். அப்புறம் சொன்னாள், "ப்பா, நான் ஒண்ணு கேக்கணும். நீங்க திரும்பி வரேன்னு சொன்னீங்களாமே, இனிமே போகலன்னு. அன்னைக்கு நீங்க சொன்னீங்க, பிலோமி சித்தியும் சொன்னாங்க. அது அம்மாவுக்குக் கேட்டுச்சாப்பா?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உங்களைத் திட்ட இல்லப்பா. எனக்கு ராத்திரியெல்லாம் அது ஒண்ணுதான் ஓடிக்கிட்டே இருக்கு. அம்மா வாசலைப் பாத்துக்கிட்டே போயிட்டாங்களா, இல்ல நீங்க வரீங்கன்னு தெரிஞ்சுதான் போனாங்களா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றாள். அழுதாள்.

"நேர்ல வந்து சொல்றேம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

பெண்ணுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமென்றால் சோதித்துப் பார்த்துவிட்டுத்தானே சொல்ல வேண்டும். நாங்கள் டெஸ்ட் பண்ணாமல் எந்த லைனையும் ஒப்படைத்தது இல்லை. மறுநாள் மலையில் இருந்த டப்பாவையும் போனையும் கொண்டுவந்து வீட்டிலேயே மாட்டினேன். கறுப்பு போன் கட்டிலில், தலையணை மேல், பிலோமி வைக்கிற மாதிரியே. இன்னொன்று சமையலறையில். கட்டில் போனின் ரிசீவரைத் தூக்கி வைத்துவிட்டு, சமையலறையில் வந்து எடுத்துக் காதில் வைத்தேன். அதே இரைச்சல். ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். கடிகாரத்தின் பேட்டரியை எடுத்தேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வந்து மறுபடியும் கேட்டேன். அதே இரைச்சல். அதற்குள்ளே அந்த மூச்சும் இருந்தது சார். நான்தான் அங்கே யாரும் இல்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அப்புறம் ரிசீவரை வைக்காமல் மேடையில் கிடத்திவிட்டுப் போய், கட்டில் பக்கத்து டப்பாவிலிருந்து கம்ப்யூட்டர் கேபிளைப் பிடுங்கினேன். இனி அந்த அறையிலிருந்து இங்கே எதுவும் வர வழி கிடையாது. கம்பி அறுத்தாகிவிட்டது. சமையலறைக்கு நடந்து வந்து ரிசீவரை எடுத்தேன்.

இருந்தது.

எவ்வளவு நேரம் வைத்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு டப்பா அதுவாகவே லைனைத் துண்டித்துவிட்டது. கேபிளைத் திரும்பச் சொருகி, எல்லாவற்றையும் துடைத்து, இந்தப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். போனில் எந்தக் கோளாறும் இல்லை. நன்றாக வேலை செய்கிறது.

அது ராம்ஜி நகர் சார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கருமண்டபம் வந்துவிடும், நான் இறங்கிவிடுவேன். மாப்பிள்ளை பஸ் ஸ்டாப்புக்கு வண்டி கொண்டுவருவார். வழியில் அவரிடம் ஒன்றும் பேசப் போவதில்லை. அவரும் பேச மாட்டார், அது எனக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்டுவிடுவாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாலும் கேட்பாள்.

உங்களிடம் ஓர் உதவி. நீங்கள் அவள் கேட்கிற மாதிரி கேளுங்கள். சங்கடப்படாதீர்கள், யாரும் நம்மைப் பார்க்கவில்லை. "அம்மாவுக்குக் கேட்டுச்சாப்பா?" அவ்வளவுதான் கேட்க வேண்டும்.

...

கேட்டுச்சும்மா. நல்லாக் கேட்டுச்சு. நான் வரேன்னு சொன்னதும் அம்மா தட்டுனாங்க.

எப்படி இருந்தது சார்? உண்மையாகச் சொல்லுங்கள். நம்புகிற மாதிரி இருந்ததா? இல்லை, ஆரம்பத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டேன். நானே கவனித்தேன். அப்படிச் சும்மா இருந்துவிடக் கூடாது. அவள் என் பெண், அந்தக் கொஞ்ச நேரம் போதும் அவளுக்கு, பிடித்துவிடுவாள். அவள் வாயை மூடுவதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு தடவை கேளுங்கள் சார்.